பேசிக் வட்டத் தேர்தலில் அபிதா டீச்சர்

களம்பூர் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் களத்துக் கூலி வீரன். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய்த் திரும்பிய மறுவாரம் பிறந்த தன் மூத்த மகளுக்கு அந்த ஊர் அம்மனின் பெயரையே வைத்தார்: அபிதகுசாம்பாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க தெருவுக்கு இவ்ளோ பெரிய பேரு எதுக்குடா?" என்று கேட்டார்.

"வெச்சிட்டேன் சாமி. எழுதிக்குங்க" என்றார் வீரன்.

அந்தப் பெயர் அவளைப் பின்னாளிலும் விடவில்லை. காகிதத்தில் பெயரை மட்டும் பார்த்தவர்கள் "வாங்கம்மா, உக்காருங்க" என்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று பேச்சு போகப்போக, அந்த "வாங்கம்மா" கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அது சுருங்கும் இடம் அவளுக்குச் சிறுவயதிலேயே அத்துப்படி. விடுதியில் தங்கிப் படித்து, கணக்கில் பட்டம் வாங்கி, ஆரணி பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தொன்றாம் வருஷம். பிள்ளைகள் பெயரை வெட்டி "அபிதா டீச்சர்" ஆக்கிக்கொண்டார்கள். அவளுக்கும் அது சௌகரியமாக இருந்தது. அரசு பஸ் கண்டக்டர் அருணாச்சலத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஆரணியிலேயே குடியிருந்தாள்.

எழுபத்து நாலில் ஒரு சம்பவம். மில் தொழிலாளர் சங்கக் கமிட்டிக்கு அவளுடைய அப்பா தேர்தலில் நின்றார், தோற்றார். அதற்கப்புறம் மேஸ்திரி அவரைப் பல மாதம் களத்துக்குக் கூப்பிடவில்லை. அபிதாவுக்கு அப்பா மேல் பொல்லாத கோபம். "யாரு உன்ன நிக்கச் சொன்னா?" என்று சண்டை பிடித்தாள். "நிக்கணும்னு தோணிச்சி, நின்னேன்" என்றதோடு அவர் முடித்துக்கொண்டார். அந்தப் பதில் அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

எண்பத்தைந்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆரணிக்கு ஒரே ஒரு மெஷின். அது ஆண்கள் பள்ளிக்குப் போனது. பயிற்சிக்கு ஒரு ஆசிரியையும் வரவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் பள்ளியில் ஆசிரியைக்கு எங்கே போவது? அதனால் பெண்கள் பள்ளி அபிதாவையும், ஆண்கள் பள்ளி இயற்பியல் வாத்தியார் ஜெயச்சந்திரனையும் சேர்த்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவள் பேசிக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பாஷை அது. வரிக்கு ஒரு எண் போட்டு, இதைச் செய், அதை வை, இத்தனாவது வரிக்குத் திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி மெஷின் செய்யும். பிழையாகச் சொன்னால் பிழையாகச் செய்யும். ஆனால் சொல்வது யார், எந்தத் தெரு என்று கேட்காது. அபிதாவுக்கு அந்த பாஷை மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அவளிடம் பாஷை மட்டும் இருந்தது, மெஷின் இல்லை. ஜெயச்சந்திரனிடம் போய், சனிக்கிழமைகளில் தன் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயிற்சியின்போது அவளுக்கு விளங்காததை எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர்தான். ஆனாலும் தயங்கினார். "மெஷின் என் கையெழுத்துல இருக்குதுங்க டீச்சர். ஏதாவது ஒண்ணு ஆனா என் தலைதான் உருளும். அதோட இது பையனுங்க ஸ்கூலு. வயசுப் பொண்ணுங்க வந்து போனா ஊரு சும்மா இருக்குமா? ஹெட்மாஸ்டர் ஒத்துக்கவே மாட்டாரு."

"நீங்க கேட்டுப் பாருங்க சார்."

"பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" ஒரு வருஷம் அப்படியே கிடந்தது.

அபிதா காத்திருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்தி, பிள்ளைகளையே மெஷினாக்கினாள். கூட்டுத்தொகையை வைத்திருக்கும் ஒருத்தி "எஸ்", ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டு போகும் ஒருத்தி "என்". ஆளுக்கொரு சிலேட்டு, சிலேட்டில் ஒரு எண்தான் இருக்கலாம், புதிது வந்தால் பழையதை அழித்துவிட வேண்டும். இன்னொருத்தி கரும்பலகையில் எழுதிய வரிகளின் மேல் விரல் வைத்து நகர்ந்துகொண்டே வருவாள். "முப்பதுக்குப் போ" என்ற வரி வந்தால் அவள் ஓடித் திரும்ப, எல்லாரும் சிரிப்பார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டி முடிக்க அந்த மெஷினுக்கு அரை பீரியட் பிடிக்கும். "என்" ஆக எப்போதும் நின்றவள் கன்னியம்மா. அவள் சிலேட்டில் தப்பு வந்ததே கிடையாது.

மாவட்டத்தில் இப்படிப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் முப்பது, முப்பத்தைந்து பேர் சேர்ந்து "வட ஆர்க்காடு பேசிக் வட்டம்" என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். வேலூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். எழுதிய புரோகிராம்களைப் பரிமாறிக்கொள்வார்கள், ரிப்பேருக்கு ஆள் தேடுவார்கள், யார் எந்த மெஷினைத் தொடலாம் என்று விதி போடுவார்கள். தலைவர் தேவநேசன், வேலூரில் கணக்கு வாத்தியார், நிதானமான மனிதர். எண்பத்தாறு முடிவில், பொங்கல் கழித்துச் செயற்குழுத் தேர்தல் என்று அவர் அறிவித்தார். ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்துக்கு ஒரு இடம். ஜெயச்சந்திரன் பெயரை யாரோ சொன்னார்கள். "வேற யாராவது நிக்கறீங்களா?" என்று தேவநேசன் வழக்கத்துக்குக் கேட்டார்.

அபிதா எழுந்து நின்றாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அவங்க ஸ்கூல்ல மெஷினே இல்லியே சார். மெஷின் இல்லாதவங்க எப்படி மெம்பரு?" என்றார்.

தேவநேசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விதியைப் படித்துப் பார்த்தார். "பேசிக் கற்பிக்கும் ஆசிரியர்னுதான் போட்டிருக்கு. மெஷின்னு போடல." அபிதாவைப் பார்த்து, "டீச்சர், நீங்க கத்துக் குடுக்கறீங்களா?" என்றார்.

"குடுக்கறேன் சார்."

"அப்ப நிக்கலாம்."

அந்த வாரம் களம்பூருக்குப் போனாள். வேலையை விட்டுச் சில வருஷம் ஆன வீரன், உமித் தூசி ஏறிய நெஞ்சோடு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். மகள் தேர்தலில் நிற்கிறாள் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லப்பா. பேசிக்னு ஒரு பாஷ. அத சொல்லிக் குடுக்கறவங்க சங்கம்."

"அந்த பாஷய யாரு பேசிகினு கீறாங்க?"

"யாரும் பேச மாட்டாங்க. மெஷினுக்குச் சொல்றது."

"மெஷினுக்கு சங்கமா?" அவர் சிரிக்கப் போய் இருமினார். தண்ணீர் குடித்து அடங்கியதும், "எதுத்து நிக்கறது யாரு?" என்றார்.

"கூட ட்ரெய்னிங் வந்தவரு. நல்ல மனுசன்தான்."

"அது பேஜார்மா" என்றார் வீரன். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "கெட்டவன எதுத்து நின்னா தோத்தாலும் தூக்கம் வரும். மறுநாளு அதே களத்துல, அதே ஆளுங்க கூட நெல்லு கிளறணும் பாரு. நான் அப்டித்தான் நின்னேன். அது தெரிஞ்சிகினு நில்லு."

அருணாச்சலம் தன் லீவு நாட்களில் எந்த பஸ் எங்கே இணையும் என்று சொல்லிக்கொடுக்க, அபிதா ஓட்டுக் கேட்கப் புறப்பட்டாள். களம்பூரில் பாக்கியமேரி டீச்சர் இருந்தாள். மில்கள் ஓடும் நேரத்தில் கரண்டு ஏறி இறங்கும். அதற்குப் பயந்து, மில் ஓய்வெடுக்கும் நேரம் பார்த்துத்தான் மெஷினைப் போடுவாள். "உங்களுக்குத்தான் என் ஓட்டு. என் வீட்டுக்காரர்கூட கேட்டாரு, இந்த சங்கமெல்லாம் எதுக்கு உனக்குன்னு. நீங்க வந்து கேட்டுட்டீங்களே, அது போதும்" என்றாள். பெரணமல்லூரில் மெஷின் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம். வாத்தியார் ஜெயவேல் வெட்கத்தோடு கதவைச் சாத்தினார். "கெட்டுப் போயிடுமோன்னு பயம் டீச்சர். தொடறதே இல்ல."

வேறொரு ஊரில் ஒரு மூத்த ஆசிரியர் அவளை வீட்டுக்கே அழைத்துப் போனார். பெயரைச் சொன்னதும், "அபிதகுசாம்பாளா! மங்களகரமான பேரு" என்று மனைவியைக் கூப்பிட்டு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுக்கச் சொன்னார். பேச்சு வாக்கில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. மறுமுறை காபி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் குடித்த டம்ளர் மட்டும் வாசற்படிக்கு வெளியே கிடந்தது. பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டில் ஓட்டு இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் விடிகாலையில் வீரன் போய்விட்டார்.

மில்லிலிருந்து பழைய ஆட்கள் வந்து தூக்கினார்கள். மழை இல்லை, காற்று இல்லை, நல்ல வெயில். நெல் காய்கிற வெயில் என்று ஒருவர் சொன்னார். சனிக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்து, வீட்டில் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, வேலூர் போக வேண்டும் என்று அபிதா வாய்விட்டுச் சொல்லவில்லை. அருணாச்சலம்தான் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

தம்பி சுப்பனுக்கு ரத்தம் கொதித்தது. "அப்பன் மண்ணு ஈரம் காயல. அதுக்குள்ள எலெக்சனா? ஊரு இன்னா பேசும்க்கா? நாலு பேரு வந்து போற நேரத்துல மூத்த பொண்ணு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. "நான் போவலடா" என்றாள் அபிதா.

சுவரோரம் இருந்த அம்மா, மகள் பக்கம் திரும்பினாள். "உங்கப்பாரு சங்கத்துல நின்னப்ப, வாணாம்னு அவரு கால்ல விழுந்து அழுதவ நானு. அவரு கேக்கல. அதுக்குன்னு எத்தினி மாசம் அவரு கூட பேசாம கெடந்தேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இன்னொரு வாட்டி வாணாம்னு சொல்ற தெம்பு எனக்கு இல்ல. தலைக்கு ஊத்திக்கினு போய்ட்டு, ஜல்தியா வந்துரு" என்றாள்.

சுப்பன் எழுந்து வெளியே போனான். மறுநாள் காலை அக்காவை பஸ் ஏற்றிவிட அவன் வரவில்லை.

வேலூரில் விஷயம் தெரிந்திருந்தது. ஜெயச்சந்திரன் கிட்டே வந்து, "நீங்க வருவீங்கன்னு நினைக்கலீங்க டீச்சர். வேணும்னா தேர்தல அடுத்த மாசத்துக்கு மாத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மனசிலிருந்து வந்த கேள்வி அது. "வாணாம் சார். வந்துட்டேன்" என்றாள் அபிதா.

வேட்பாளர்கள் சில நிமிஷம் பேசலாம். ஜெயச்சந்திரன் மெஷின்களின் பராமரிப்பு, உதிரி பாகம், மெட்ராஸ் தொடர்பு என்று ஒழுங்காகப் பேசினார். அடுத்து அபிதா எழுந்தாள்.

"என் ஸ்கூல்ல மெஷின் இல்லைங்க. எங்க ஊர்ல இருக்கற ஒரே மெஷின் பக்கத்துத் தெருவுலதான் இருக்கு. நூறடிகூட இருக்காது. என் பிள்ளைங்க அத இன்னும் பாத்ததில்ல. நாம எல்லாரும் பேசிக் ஒரு பாஷைன்னு சொல்லிக்கறோம். பாஷைன்னா பேச ஆள் வேணும். அலமாரியில வெச்சா, பூட்டுக்குள்ள வெச்சா, அது..." அலமாரி என்றபோது அவள் கண் ஜெயவேலைத் தொட்டுவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் குத்திக் காட்ட அவள் நினைத்திருக்கவில்லை. அடுத்த வாக்கியம் வரவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அப்பாவின் முகம் எங்கிருந்தோ வந்து நின்றது. "எந்த ஸ்கூல் மெஷினா இருந்தாலும், பக்கத்து ஸ்கூல் பொண்ணுங்களுக்கும் வாரத்துல ஒரு நாள் விடணும். அதுக்குத்தான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இன்னும் நிறைய பேசுவதாக மனப்பாடம் செய்து வந்திருந்தாள். அது அத்தனையும் அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

நாலைந்து ஓட்டில் தோற்றாள்.

தேவநேசன் முடிவைச் சொன்னதும் கைதட்டல் எழுந்து, அவளைப் பார்த்துப் பாதியில் தேய்ந்தது. அபிதா மறுபடி எழுந்தாள். "சார், தோத்தவங்க தீர்மானம் கொண்டு வரலாமா?"

"மெம்பர் யாரும் கொண்டு வரலாம்."

மெஷின் விஷயத்தை அப்படியே தீர்மானமாகச் சொன்னாள். பாக்கியமேரி வழிமொழிந்தாள். சற்று நேரம் தயங்கி, ஜெயவேலும் கையைத் தூக்கினார். முடிவில், புதிய செயற்குழு பரிசீலிக்கும் என்று எழுதினார்கள். ஆரணியைப் பொறுத்தவரை புதிய செயற்குழு என்றால் ஜெயச்சந்திரன்தான்.

திரும்பும்போது அவளும் ஜெயச்சந்திரனும் ஒரே பஸ். வேறு வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் அவளுக்கு அப்பாவுக்காக அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆரணி வரும் வரைக்கும் அழுதாள். முன்சீட்டில் இருந்த ஜெயச்சந்திரனுக்கு அது கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோற்றதற்காக அழுவதாக அவர் நினைத்திருக்கலாம். அந்தத் தப்பை அவள் திருத்தவே இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஒருநாள் ஜெயச்சந்திரன் பெண்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார். ஹெட்மாஸ்டரிடம் மூன்று தடவை சண்டை போட்டதாகவும், கடைசியில் சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம், பின்பக்கக் கேட் வழியாக, டீச்சர் கூடவே இருக்க வேண்டும்.

"பின்பக்கமா?" என்றாள் அபிதா.

"அதுக்கு மேல என்னால முடியலீங்க டீச்சர்."

பின்பக்கக் கேட் என்ற சொல் அவளுக்குள் முள்ளாக இறங்கியது. மறுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் சனிக்கிழமை, ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டும் அதே புரோகிராமை கன்னியம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். கடைசிப் பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் திரையில் ஐம்பத்தைந்து வந்து நின்றது. பிள்ளைகள் கை தட்டவில்லை. திகைத்துப்போய் நின்றார்கள்.

"டீச்சர், நடுவுல இன்னா நடந்துச்சின்னு பாக்கவே இல்லியே?" என்றாள் கன்னியம்மா. அவள் குரலில் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்த வருத்தம் இருந்தது. ஜெயச்சந்திரன் சிரித்தார். அபிதா சிரிக்கவில்லை. "ஒவ்வொரு சுத்துலயும் எண்ணை எழுதிக் காட்டச் சொல்லு. அதுக்கு ஒரு வரி சேர்க்கணும்" என்றாள். கன்னியம்மா யோசித்து, சரியான இடத்தில் சேர்த்தாள். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அதற்கப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது.

கன்னியம்மாவைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். பட்டு நூல் சுற்றப் போனாள். அடுத்த வருஷம் கல்யாணம். அபிதா அவள் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தாள். வீட்டார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், தாங்கள் நினைத்ததைச் செய்தார்கள். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஒரு வருஷம் கழித்து, யாரும் உத்தரவு போடாமலே, முன்பக்கக் கேட் வழியாக வரத் தொடங்கினார்கள். வாட்ச்மேன் கேட்டதற்கு, "அந்தாண்ட சேறு" என்றார்களாம்.

மறு தேர்தலிலும் அபிதா நின்றாள். அந்தத் தடவை போளூர் வாத்தியாரிடம் தோற்றாள். சுப்பன் அக்காவோடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். "ரெண்டு வாட்டி தோத்துட்டியா?" என்று கேட்டு, காரணம் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

எண்பத்தொன்பது செப்டம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் அந்தப் பக்கம் போக, ஆரணி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தில் சேர்ந்தது. வட்டமும் உடைந்தது. தேவநேசனும் நல்ல மெஷின்களும் வேலூரோடு போய்விட, இந்தப் பக்கத்தில் மிஞ்சியது பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களும், பாதி ரிப்பேரான சில மெஷின்களும்தான். புது வட்டத்தின் முதல் கூட்டத்தை ஆரணி பெண்கள் பள்ளியில் வைத்தார்கள். தலைவர் பதவிக்கு ஜெயச்சந்திரன் எழுந்து அபிதாவின் பெயரை முன்மொழிந்தார். வேறு யாரும் நிற்கவில்லை.

"அப்ப முடிஞ்சிது. போட்டியில்லாம தேர்வுன்னு எழுதிடலாம்" என்றார் ஜெயவேல்.

"இல்லைங்க. ஓட்டு வெச்சிடலாம்" என்றாள் அபிதா.

"ஒருத்தர்தானே நிக்கறீங்க. எதுக்குங்க ஓட்டு?"

"வேணாம்னு நினைக்கறவங்க எழுந்து சொல்ல முடியாது. எழுதித் தரலாம் இல்ல."

ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். எழுதி, மடித்து, சாக்பீஸ் டப்பாவில் போட்டார்கள். பாக்கியமேரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். வேண்டும், வேண்டும் என்று படித்துக்கொண்டே வந்தவள், ஒரு சீட்டைப் பிரித்ததும் நிறுத்தினாள். அபிதாவைப் பார்த்தாள்.

"படிங்க டீச்சர்" என்றாள் அபிதா.

"வேண்டாம்."

அறையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அது யார் எழுதியது என்று அபிதா அன்றும் கேட்கவில்லை, பிறகும் விசாரிக்கவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் எதிராக ஒன்று என்று தன் கையாலேயே எழுதினாள். பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தெந்தப் பள்ளியில் மெஷின் ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.